பிரேக் மிதித்தால் நடுங்கும் ஸ்டீரிங்

ஈப்போவிலிருந்து வடக்கே வரும் கார் ஒன்று ஜூரு டோல் சாவடியை நெருங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் மணிக்கு 110 கிலோமீட்டர். முன்னால் போகும் வண்டிகளின் பின்விளக்குகள் சிவக்கின்றன. ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கிறார். ஸ்டீரிங் கைக்குள் கிடுகிடுவென்று ஆடுகிறது. 100, 90 என்று வேகம் இறங்க இறங்க ஆட்டம் கூடுகிறது. 50-க்குக் கீழே வந்ததும் தானாக அடங்கிவிடுகிறது. டோலைத் தாண்டி மறுபடி வேகமெடுத்தால் கார் சீராகத்தான் ஓடுகிறது. பிரேக்கில் கால் வைத்தால் மட்டும் நடுக்கம்.

மறுநாள் வண்டி மாக் மண்டினுக்குப் போகிறது. பட்டர்வொர்த் பக்கத்து ஆட்களுக்கு அந்த வட்டாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 1960-களிலேயே தொழிற்பேட்டையாக உருவான இடம், துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லோரிகள் ஓயாத சாலைகள், பட்டறைகள். பொமன் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து தீர்ப்புச் சொல்கிறார்: "டிஸ்க் பெண்ட் ஆயிடுச்சு அண்ணே. ஸ்கிம் பண்ணிட்டா சரியாப் போயிரும்." மலாய்க்காரப் பொமனாக இருந்தால் "டிஸ்க் பெங்கோக்" என்பார். டிஸ்கைக் கழற்றிக் கடைசல் இயந்திரத்தில் ஏற்றி, இரு பக்கமும் மெல்லியதாகச் சீவி, திரும்ப மாட்டுகிறார்கள். நடுக்கம் போய்விடுகிறது. ஐந்தாறு மாதம் கழித்து அதே ஜூருவில் அதே நடுக்கம்.

வளைந்த டிஸ்கைச் சீவி நேராக்கியாயிற்று என்றால் அது ஏன் திரும்ப வந்தது? பொமன் ஏமாற்றிவிட்டார் என்று முடிவுகட்டுவது சுலபம். பெரும்பாலும் அப்படி இல்லை. அவர் செய்த வேலை சரியாகவே இருக்கலாம், தீர்ப்புதான் பிசகு. இந்த நடுக்கத்துக்குக் காரணம் வளைவு என்று உலகம் முழுக்கப் பட்டறைகளில் நம்புகிறார்கள். அளந்து பார்த்தவர்கள் சொல்வது வேறு.

முதலில் டிஸ்க் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். ஓடும் காரிடம் இயக்க ஆற்றல் இருக்கிறது. காரை நிறுத்த வேண்டுமானால் அந்த ஆற்றலை எங்காவது கொண்டுபோய்க் கொட்டியாக வேண்டும். ஆளோடு சேர்த்து 1,100 கிலோ எடையுள்ள சிறிய கார் 110 கிலோமீட்டர் வேகத்தில் வைத்திருக்கும் ஆற்றல், ஒன்றேமுக்கால் லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். சில நொடிகளில் அத்தனையும் வெப்பமாகி, அதில் பெரும்பங்கு முன்சக்கரங்களுக்குள் சுழலும் இரண்டு இரும்புத் தட்டுகளில் இறங்குகிறது. ஒரே மிதியில் அவற்றின் சூடு 100 டிகிரியை ஒட்டி ஏறிவிடும்.

மலையிறக்கம் இதைவிடக் கொடுமை. கேமரன் மலையின் பிரிஞ்சாங்கிலிருந்து சிம்பாங் பூலாய்க்கு இறங்கும்போது உயரம் 1,400 மீட்டருக்கு மேல் குறைகிறது. அந்த உயரத்தில் பொதிந்துள்ள ஆற்றலைக் கணக்கிட்டால், 110-இல் ஓடும் காரை ஏறத்தாழ 30 தடவை நிறுத்துவதற்குச் சமம். காரின் எடை எதுவானாலும் இந்த விகிதம் மாறாது. இதில் ஒரு பங்கை எஞ்சினும் எதிர்க்காற்றும் தாங்கிக்கொள்ளும். கியரைக் குறைக்காமல் இறங்குகிறவர் மிச்சம் முழுவதையும் அந்த இரண்டு தட்டுகளின் தலையில் ஏற்றுகிறார். மலைச்சாலைகளில் 'குறைந்த கியரைப் பயன்படுத்துக' என்று பலகை வைத்திருப்பதன் பொருள் இதுதான்.

அந்தத் தட்டுதான் டிஸ்க். அதன் இரு பக்கமும் பேட் எனப்படும் உராய்வுக் கட்டைகள். அவற்றைத் தாங்கிப் பிடிக்கும் கிடுக்கி, கேலிப்பர். பிரேக்கை மிதித்தால் எண்ணெயின் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் பேடைத் தள்ளும். இரண்டு பேடும் டிஸ்கைக் கவ்வும். 1902-இலேயே பிரிட்டிஷ் பொறியாளர் பிரெடரிக் லாஞ்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். உலகம் அதைக் கவனிக்க அரை நூற்றாண்டு ஆயிற்று. 1953-இல் டன்லப் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் சி-டைப், லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற பிறகே மற்றவர்கள் விழித்துக்கொண்டார்கள்.

உராய்வு என்றதும் அரத்தால் தேய்ப்பதைத்தான் நினைத்துக்கொள்கிறோம். பேட் டிஸ்கைப் பிறாண்டி நிறுத்துவது கதையில் பாதி. மற்ற பாதி ஒட்டுதல். பேடின் பொருள் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக டிஸ்கின் மேல் பரவி ஒரு மெல்லிய படலமாகப் படிகிறது. அதன்பின் பேட் உரசுவது பெரும்பாலும் அந்தப் படலத்தோடு. இரண்டும் ஒரே பொருள் என்பதால் கணத்துக்குக் கணம் ஒட்டிக்கொள்கின்றன, பிய்ந்துகொள்கின்றன. அந்தப் பிய்ப்புக்கு வேண்டிய விசைதான் காரை நிறுத்துகிறது. முதலாவதைச் சிராய்ப்பு உராய்வு என்றும் இரண்டாவதை ஒட்டு உராய்வு என்றும் சொல்லலாம். படிந்த படலத்துக்கு உராய்வுப் படலம் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

நம் வீட்டுத் தோசைக்கல்லை நினைத்துப் பாருங்கள். இரும்புக் கல்லில், வாங்கிய அன்றே தோசை வராது. எண்ணெய் தடவி, சூடேற்றி, ஆறவிட்டு, மறுபடி தடவிப் பழக்க வேண்டும். அப்போது கல்லின் மேல் சீரான கறுத்த படலம் ஒன்று ஏறும். அதற்குப் பிறகு மாவு பேசுவது இரும்போடு அல்ல, படலத்தோடு. பழக்கும்போது அவசரப்பட்டு ஓரிடத்தில் மாவு பிடித்துத் தீய்ந்துவிட்டால், அடுத்தடுத்த தோசையும் சொல்லிவைத்தாற்போல் அதே இடத்தில் பிடிக்கும். பிடிக்கப் பிடிக்க அந்தத் திட்டு தடிக்கும். பிரேக் டிஸ்கும் பெரும்பாலான கார்களில் வார்ப்பிரும்புதான். அதன் படலமும் சீராக ஏறலாம், திட்டுத் திட்டாகவும் ஏறலாம். திட்டாக ஏறினால் சக்கரம் சுற்றும் ஒவ்வொரு தடவையும் பேட் அந்தத் திட்டின் மேல் ஏறி இறங்கும்.

எவ்வளவு உயரத் திட்டு? இங்கேதான் நம்ப முடியாத எண் வருகிறது. ஏ4 தாளின் தடிமன் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். டிஸ்கின் ஒரு பகுதிக்கும் இன்னொரு பகுதிக்கும் தடிமனில் 0.015 மில்லிமீட்டர், அதாவது அந்தத் தாளில் ஏழில் ஒரு பங்கு, வித்தியாசம் இருந்தாலே பல கார்களில் கை அதை உணர்ந்துவிடும். காரணம் பிரேக்கின் விறைப்பு. எண்ணெய் சுருங்காது, கேலிப்பர் வளையாது, பேட் மிகச் சிறிதே அமுங்கும். இவ்வளவு இறுக்கமான ஓர் அமைப்புக்குள் டிஸ்க் கொஞ்சம் தடித்தால், பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளுவதைத் தவிர வழியில்லை. அழுத்தம் எகிறும். தடிப்பு கடந்துபோனதும் சரியும். அந்த ஏற்ற இறக்கம் எண்ணெய் வழியாகப் பெடலுக்கு வந்து பாதத்தில் துடிப்பாகத் தெரியும். சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் விசையும் அதே தாளத்தில் கூடிக் குறையும். இதைத் தடிமன் வேறுபாடு என்போம்.

வளைவு என்பது வேறு சங்கதி. டிஸ்கின் தடிமன் எங்கும் ஒன்றாகவே இருந்து, தட்டு மட்டும் கொஞ்சம் சாய்ந்து சுழன்றால், அதன் விளிம்பு உள்ளும் புறமுமாக ஆடும். இதைப் பக்க ஆட்டம் எனலாம். நம் ஊரில் ஓடும் சிறிய கார்களின் முன்பக்கக் கேலிப்பர் பெரும்பாலும் மிதவை வகை. இரண்டு ஊசிகளின் மேல் பக்கவாட்டில் நகரக்கூடியது. டிஸ்க் இடப்பக்கம் சாய்ந்தால் அதுவும் இடப்பக்கம் நகரும். வலப்பக்கம் சாய்ந்தால் கூடவே வரும். கவ்வும் அழுத்தம் அவ்வளவாக மாறாது. ஆகவே சிறிய அளவுப் பக்க ஆட்டம் மட்டும் இருந்தால் ஸ்டீரிங் நடுங்க வேண்டியதில்லை. இது பலருக்குத் தலைகீழாகத் தோன்றும். கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் சாதுவாக இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத தடிப்பு ஆட்டி வைக்கிறது.

ஆனால் அந்தச் சாது, கால் பிரேக்கில் இல்லாத நேரத்தில் வேலையைக் காட்டுகிறது. பிரேக்கை விட்டதும் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் அதை இம்மியளவு பின்னுக்கு இழுக்கும். பேடுக்கும் டிஸ்குக்கும் இடையே மயிரிழை இடைவெளிதான் கிடைக்கும். டிஸ்க் 0.1 மில்லிமீட்டர் ஆடினால், ஒவ்வொரு சுற்றிலும் அதன் ஒரே பகுதி பேடை உரசிவிட்டுப் போகும். மெல்லிய உரசல், ஓட்டுகிறவருக்குத் தெரியாது. பட்டர்வொர்த்திலிருந்து ஈப்போ போய்ச் சேர ஒரு முன்சக்கரம் 80,000 தடவைக்கு மேல் சுற்றுகிறது. அத்தனை தடவையும் உரசல் அதே இடத்தில். பேடின் தன்மையைப் பொறுத்து அந்த இடம் தேய்ந்து மெலியும், அல்லது அங்கே படலம் கூடுதலாக ஏறித் தடிக்கும். எப்படியானாலும் சில ஆயிரம் கிலோமீட்டரில் டிஸ்கின் தடிமன் சீர்குலைந்துவிடும். அன்றைக்குத்தான் ஸ்டீரிங் நடுங்கத் தொடங்கும்.

ஐந்தாறு மாதக் கணக்கு இப்போது விளங்கும். ஸ்கிம் போட்டது தடிமன் வேறுபாட்டை நீக்கியது. நடுக்கம் நின்றது. பக்க ஆட்டத்தை யாரும் தொடவில்லை. அது மறுநாளே தன் வேலையை மறுபடி தொடங்கிவிட்டது. புது டிஸ்க் போட்டவர்களுக்கும் இதே கதி வருவது இதனால்தான். பிறகு டிஸ்க் விற்ற கடை மட்டமான சரக்கைக் கொடுத்துவிட்டது என்று சண்டை.

நடுக்கம் ஏன் 90-இல் உச்சத்துக்கு ஏறி 50-இல் அடங்குகிறது? சிறிய கார் ஒன்றின் டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.83 மீட்டர் உருளும். 110 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு 16 அல்லது 17 தடவை சுற்றும். 80-இல் 12 தடவை. 40-இல் 6 தடவை. டிஸ்கில் ஒரு தடிப்பு இருந்தால் நொடிக்கு அத்தனை உதை. இன்னொரு பக்கம், சக்கரமும் அதைத் தாங்கும் சஸ்பென்ஷன் கைகளும் ரப்பர் புஷ்களும் ஸ்டீரிங் தண்டுகளும் சேர்ந்த அமைப்புக்கு, தட்டிவிட்டால் தானாக ஆடும் ஒரு வேகம் உண்டு. அதன் இயல்பு அதிர்வெண் என்று சொல்வார்கள். பல கார்களில் அது நொடிக்கு 10-க்கும் 20-க்கும் இடையில் விழுகிறது. உதைகளின் தாளம் அந்த எண்ணோடு பொருந்தும்போது ஒவ்வோர் உதையும் முந்தைய ஆட்டத்துக்கு உரம் சேர்க்கும், ஆட்டம் பெருகும். இது ஒத்ததிர்வு. வேகம் குறைந்து தாளம் அந்த எல்லைக்குக் கீழே போனதும், தடிப்பு அங்கேயே இருந்தாலும் கைக்குத் தெரியாது. பெடலில் மெல்லிய துடிப்பு மட்டும் மிஞ்சலாம்.

ஒரே அளவு தடிப்புள்ள இரண்டு கார்களில் ஒன்று நடுங்கி மற்றொன்று நடுங்காமல் இருப்பதும் இதனால்தான். லோயர் ஆர்ம் புஷ் கிழிந்த பழைய வண்டியில் சின்ன உதையும் பெரிதாகத் தெரியும். புஷ்ஷை மாற்றியதும் நடுக்கம் பாதியாகக் குறைந்தால், புஷ்தான் காரணம் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். புஷ் நடுக்கத்தை உண்டாக்கவில்லை, கூட்டிக் காட்டியது.

பட்டறைக்காரர்களை எரிச்சலூட்டும் இன்னொரு வேடிக்கை உண்டு. "நேத்து அப்படி ஆடுச்சு, இன்னிக்கு நீங்க ஓட்டினா ஒண்ணுமே இல்ல" என்று வாடிக்கையாளர் நெளிவார். அவர் பொய் சொல்லவில்லை. இடச் சக்கர டிஸ்கிலும் வலச் சக்கர டிஸ்கிலும் தடிப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிடச் சற்றுக் கூடுதலாகச் சுற்றும். ஆகவே ஒவ்வொரு வளைவுக்குப் பின்னும் இரண்டு தடிப்புகளும் ஒன்றுக்கொன்று நிற்கும் கோணம் மாறிப்போகிறது. இரண்டும் மாறி மாறிப் பேடைக் கடந்தால் சக்கரங்கள் இடமும் வலமுமாக மாற்றி மாற்றி இழுக்கப்பட்டு ஸ்டீரிங் வெகுவாக ஆடும். இரண்டும் ஒரே நொடியில் கடந்தால் இழுப்பு இரு பக்கமும் சமமாகி, ஸ்டீரிங் கொஞ்சம் அமைதியாகும், கார் முழுவதும் முன்பின்னாகக் குலுங்கும். அன்றைக்கு எந்தக் கோணம் வாய்க்கிறது என்பது வந்த வழியில் இருந்த வளைவுகளைப் பொறுத்தது.

இதையெல்லாம் எப்படி அறிந்தார்கள்? ஆய்வுக்கூடத்தில் முழு பிரேக் அமைப்பையும் ஒரு கனத்த சுழல்சக்கரத்தோடு பூட்டி ஓட்டுவார்கள். டிஸ்கைத் தொடாமலே தூரத்தை அளக்கும் உணரிகள் இரண்டை, இரு பக்கமும் எதிரெதிராக நிறுத்துவார்கள். டிஸ்க் ஒரு பக்கம் சாய்ந்தால் ஓர் உணரிக்கு நெருங்கி மற்றதற்கு விலகும். இரண்டு அளவையும் கூட்டினால் மாற்றம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டுவிடும். டிஸ்க் தடித்தால் இரண்டுக்குமே நெருங்கும், கூட்டுத்தொகை குறையும். ஆக, கூட்டல் தடிமன் வேறுபாட்டைக் காட்டும், கழித்தல் பக்க ஆட்டத்தைக் காட்டும். இப்படிப் பிரித்து அளந்தபோதுதான், பிரேக் விசையின் ஏற்ற இறக்கம் தடிமன் வேறுபாட்டோடு ஒட்டி நடப்பது ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது.

பட்டறை உலகில் இந்தச் செய்தியை உரக்கச் சொன்னவர் கேரல் ஸ்மித். ஃபோர்டு ஜிடி40 பந்தயக் கார்களோடு வேலை செய்த பொறியாளர். பந்தயக் கார்களைத் தயார்ப்படுத்துவது பற்றி 1970-களில் அவர் எழுதிய புத்தகங்களை இன்றும் தேடிப் படிக்கிறார்கள். வளைந்த டிஸ்க் என்பதே கட்டுக்கதை, தான் ஆராய்ந்த ஒவ்வொரு 'வளைந்த' டிஸ்கிலும் கண்டது சீரற்றுப் படிந்த பேட் பொருள்தான் என்று அவர் ஒரு கட்டுரையில் வாதிட்டார். கொஞ்சம் மிகைதான் என்பது என் எண்ணம். வார்க்கும்போது உள்ளே தங்கிய இறுக்கம் சரியாகத் தளர்த்தப்படாத டிஸ்க், கடும் சூட்டில் கோணிக்கொள்ள முடியும். நல்ல டிஸ்கும் சூட்டில் தற்காலிகமாகக் கூம்புபோல் விரிந்து ஆறியதும் பழைய நிலைக்கு வரும். ஆனால் பத்துப் பேரில் ஒன்பது பேர் ஒரே தீர்ப்பைச் சொல்லும் ஊரில், எதிர்ப்பக்கம் நின்று ஒருவர் கத்தியது நல்லதுதான்.

ஸ்மித் சொன்ன இன்னொன்று முக்கியமானது. திட்டு படிந்த இடம் அதிகமாக உராய்ந்து அதிகமாகச் சூடாகும். இரும்பு 700 டிகிரியை ஒட்டிச் சூடேறினால் அதன் உள்ளமைப்பே மாறி, இரும்பும் கரிமமும் சேர்ந்த சிமெண்டைட் போன்ற கடினமான பகுதிகள் உருவாகலாம். அவை சுற்றியுள்ள இரும்பைவிடக் கெட்டி, சீக்கிரம் தேயாது. சுற்றிலும் தேயத் தேய அவை மட்டும் மேடாக நிற்கும். மேலோட்டமாக ஸ்கிம் போட்டால் படலம் போகும். ஆழத்தில் உள்ள கெட்டிப்பகுதி போகாது. நீலம் பாய்ந்த திட்டுகள் தெரியும் டிஸ்கை ஸ்கிம் பண்ணுவது வீண் செலவு.

சூட்டுக்கு இன்னொரு தனிக் குணமும் உண்டு. சற்றே மேடான இடம் கூடுதலாக உராயும், உராய்ந்தால் சூடாகும், சூடானால் விரியும், விரிந்தால் இன்னும் மேடாகும். வேகம் ஓர் எல்லையைத் தாண்டினால் இந்தச் சுழல் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் என்பதை 1969-இல் ஆய்வாளர் ஜே. ஆர். பார்பர் கணித வழியில் விளக்கினார். வெப்பமீள்மை நிலைகுலைவு என்று தமிழில் சொல்லலாம். டிஸ்கைச் சுற்றி ஒரே இடைவெளியில் பல சூட்டுத் திட்டுகள் தோன்றுவது இதனால். ஒரு சுற்றுக்குப் பல உதைகள் என்பதால் தாளம் வேகமாகி, கையில் நடுக்கமாக இருப்பதைவிடக் காதில் உறுமலாகக் கேட்கும். மலையிறக்கத்தில் அல்லது நீண்ட கடும் மிதியில் வந்து, ஆறியதும் போய்விடும் உறுமல் பெரும்பாலும் இந்த ரகம்.

இனி நோய்நாடல். முதலில் ஸ்பேனரைத் தொடாமல் சிலவற்றைப் பிரித்துவிடலாம். பிரேக் மிதிக்காமலே 90-இல் ஸ்டீரிங் நடுங்கினால் அது சக்கரத்தின் பேலன்சிங் அல்லது டயர் சங்கதி. டயர் கடைக்குப் போகவும். ஈரச் சாலையில் பலமாக மிதித்தபோது பெடல் கடகடவென்று அதிர்ந்தால் அது ஏபிஎஸ் தன் வேலையைச் செய்வது, கோளாறே இல்லை. ஸ்டீரிங் ஆடினால் முன்சக்கரம். ஸ்டீரிங் அமைதியாக இருந்து இருக்கையும் பெடலும் துடித்தால் பின்சக்கரத்தைச் சந்தேகிக்கலாம். மைவி, சாகா போன்ற நம் கார்களில் பின்னால் இருப்பது பெரும்பாலும் டிரம். டிரம் வட்டம் பிசகி முட்டை வடிவம் ஆனாலும் துடிக்கும். கார் ஒரு பக்கம் இழுத்தாலோ பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கினாலோ ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். ஓட்டாமல் நிறுத்திவிட்டுப் பொமனைக் கூப்பிட வேண்டும்.

அடுத்து அளவு. வேண்டிய கருவிகள் இரண்டுதான். ஒன்று டயல் கேஜ்: காந்தக் காலில் நின்று, முள்ளின் அசைவால் நூறில் ஒரு மில்லிமீட்டரைக் காட்டும் கடிகாரம். சக்கரத்தைக் கழற்றி, நட்டுகளைத் திரும்ப மாட்டி டிஸ்கை ஹப்போடு இறுக்கி, விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே கேஜின் முனையை வைத்து, டிஸ்கைக் கையால் மெல்லச் சுற்றினால் பக்க ஆட்டம் தெரிந்துவிடும். தயாரிப்பாளர்கள் பொதுவாக 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரை அனுமதிக்கிறார்கள். இரண்டாவது மைக்ரோமீட்டர். டிஸ்கைச் சுற்றி எட்டு இடங்களில், விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில், தடிமனை அளக்க வேண்டும். கூடிய அளவுக்கும் குறைந்த அளவுக்கும் வித்தியாசம் 0.02-ஐத் தாண்டினால் குற்றவாளி பிடிபட்டான்.

பக்க ஆட்டம் கூடுதலாக இருந்தால் அடுத்த கேள்வி: கோணல் டிஸ்கிலா, அது உட்கார்ந்திருக்கும் ஹப்பிலா? இதற்கு ஓர் அழகான சோதனை உண்டு. முள் உச்சத்துக்குப் போகும் இடத்தில் டிஸ்கிலும் ஹப்பிலும் சாக்குக் கட்டியால் ஒரு கோடு போடுங்கள். டிஸ்கைக் கழற்றி, அடுத்த ஓட்டைக்குத் திருப்பி மாட்டி, மறுபடி அளந்து பாருங்கள். உச்சம் டிஸ்கின் கோட்டோடு நகர்ந்து வந்தால் குற்றம் டிஸ்கில். ஹப்பின் கோட்டிலேயே நின்றால் குற்றம் ஹப்பில் அல்லது பேரிங்கில். இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தால், ஒன்றின் கோணல் மற்றதன் கோணலைச் சரிக்கட்டும் ஓட்டை ஒன்று அகப்படக்கூடும், அங்கேயே மாட்டிவிடலாம். பத்து நிமிட வேலை. காசு செலவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, விளைவு எதைப் பின்தொடர்கிறது என்று பார்ப்பதுதான் எந்த ஆய்வுக்கூடத்திலும் நடப்பது.

ஹப்பில் குற்றம் என்றால் பலநேரம் அது துருதான். கடல் காற்றும் மழையும் ஓயாத செபராங் பிறையில் ஹப்பின் முகத்தில் துரு பொருக்காக ஏறுவது சகஜம். பழைய டிஸ்கை உருவிப் புதியதை அப்படியே மேலே மாட்டினால், 130 மில்லிமீட்டர் அகல ஹப்பின் ஓரத்தில் சிக்கிய 0.05 மில்லிமீட்டர் துருப்பொருக்கு, 250 மில்லிமீட்டர் அகல டிஸ்கின் விளிம்பில் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் ஆட்டமாக விரியும். அதாவது புத்தம் புது டிஸ்க், மாட்டிய நிமிடமே அனுமதி எல்லையில் நிற்கிறது. கம்பித் தூரிகையால் ஹப்பின் முகத்தை வெறும் இரும்பு தெரியத் தேய்ப்பது இந்த வைத்தியத்தில் மிக மலிவான பகுதி. அதிகம் தவறவிடப்படுவதும் அதுவே. காற்றுத் துப்பாக்கியால் நட்டுகளை வரிசையாக முடுக்குவதும் அப்படித்தான் கெடுக்கும். எதிரெதிராக, படிப்படியாக, டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். பெரும்பாலான சிறிய கார்களுக்கு 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும். சரியான எண் கார்க் கையேட்டில் உண்டு. கேலிப்பரின் ஊசிகள் துருவேறி நகர மறுத்தால் பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும் என்பதால் அவற்றையும் துடைத்து, அதற்கான கிரீஸ் தடவ வேண்டும்.

ஸ்கிம் போடுவது தவறென்று நான் சொல்லவில்லை. டிஸ்கின் ஓரத்தில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். புதிதில் 22 மில்லிமீட்டர் என்றால் 20 என்பதுபோல. சீவிய பிறகும் அதற்கு மேல் இருந்தால், ஹப்பையும் சரிசெய்துவிட்டு ஸ்கிம் போடுவது நியாயமான சிக்கனம். டிஸ்கைக் கழற்றாமல் வண்டியிலேயே வைத்துச் சீவும் இயந்திரம் உள்ள பட்டறை கிடைத்தால் இன்னும் நல்லது. ஹப்பின் கோணலுக்கும் சேர்த்தே அது சீவிவிடும். பிறகு டிஸ்கை வேறு ஓட்டைக்கு மாற்றி மாட்டக்கூடாது, அவ்வளவுதான்.

கடைசியில் கல்லைப் பழக்குவது. புது டிஸ்க், புது பேட் போட்டு வெளியே வந்ததும், நெரிசல் இல்லாத சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 15 வரை மிதமாக மிதித்துக் குறைத்து, மறுபடி வேகமெடுத்து, இப்படிப் பல தடவை செய்ய வேண்டும். இடையில் முழுதாக நிறுத்தக்கூடாது. முடிந்ததும் சில கிலோமீட்டர் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிட வேண்டும். படலம் சீராக ஏற இது போதும். பேட் தயாரிப்பாளர் வேறு முறை சொல்லியிருந்தால் அதன்படி. முழுதாக நிறுத்தக்கூடாது என்பதற்குக் காரணம், கொதிக்கும் பேட் டிஸ்கின் ஒரே இடத்தை அழுத்திக்கொண்டு நின்றால் அங்கே தன் அச்சைப் பதித்துவிடும். ஜூருவில் 110-இலிருந்து கடுமையாக மிதித்து வந்து, வரிசையில் காலை எடுக்காமல் நிற்பவர் செய்வதும் அதையேதான். சமதளமாக இருந்தால், வண்டி நின்றதும் ஹேண்ட்பிரேக்கைப் போட்டுவிட்டுப் பெடலிலிருந்து காலை எடுத்துவிடலாம்; அது பெரும்பாலான நம் கார்களில் பின்சக்கரத்தை மட்டுமே பிடிக்கும்.

மின்சாரக் கார்களில் இந்தக் கதை வேறு பக்கம் திரும்புகிறது. 2024 டிசம்பரில் வந்த புரோட்டோன் இ.மாஸ் 7 போன்றவற்றில் வேகத்தைக் குறைக்கும் வேலையின் பெரும்பகுதியை மோட்டாரே செய்து, ஆற்றலை பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. டிஸ்குகள் சூடாவது அரிது. அதனால் திட்டும் சூட்டுக் கெட்டிப்பும் குறையும். ஆனால் உரசாத இரும்பு, கடற்கரை ஊரில் துருப்பிடிக்கும். பேட் மூடியிருக்கும் பகுதியும் திறந்திருக்கும் பகுதியும் வேறு வேறு அளவில் துருவேறும். அதுவும் ஒரு தடிமன் வேறுபாடுதான். எப்போதாவது ஒரு தடவை பலமாக மிதித்து டிஸ்கைத் துடைத்துவிடுவது அத்தகைய கார்களுக்கு நல்லது. வோக்ஸ்வேகன் இன்னும் ஒருபடி போய், ஐடி.3, ஐடி.4 கார்களின் பின்சக்கரங்களில் டிஸ்கையே விட்டுவிட்டு, மூடிய உறைக்குள் துரு எளிதில் ஏறாத பழைய டிரம் பிரேக்கைப் பொருத்திவிட்டது.